நிழலில் அடித்த முளைகள்

என் மனைவி சுரங்க அலுவலகத்தில் பர்மனென்ட். அவள் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். எங்களைப் போலப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, முத்தாண்டிக்குப்பம் போகும் வழியில் ஒரு முந்திரித் தோப்பை வாங்கினோம். தோப்பின் குறுக்கே, வடக்குத் தெற்காக, உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன. அதனால்தான் அது எங்களுக்குக் கட்டுப்படியானது.

மனை வரைபடத்தைப் போட்டவர் எங்கள் பத்துப் பேரில் ஒருவர், ஓய்வு பெற்ற ஃபோர்மேன். திருநெல்வேலிக்காரர். மின்கம்பிக்குக் கீழே வீடு கட்டக் கூடாது என்பதால் அங்கே நாற்பதடித் தெரு என்று வைத்தார். நாங்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் இருப்பது போன்ற அகலமான தெரு வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். தெருவுக்குக் கிழக்கே ஒரே வரிசையில் எங்கள் பத்து மனைகள். மேற்கே பூங்காவுக்கான பொது இடம். அதன் ஓரத்தில், தெருவை ஒட்டி, முப்பதடி அகலத்தில் ஒரு துண்டு மனை. அந்தத் துண்டை ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி வாங்கினார். உள்ளூர்க்காரர். அவர் குடும்பத்தில் யார் பெயரிலும் அதற்கு முன் பட்டா இருந்ததில்லை.

மின்கம்பி சரியாக எந்த இடத்துக்கு மேலே போகிறது என்று குறிக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கத்துக் கோபுரங்களும் அடுத்தவர் தோப்புகளுக்குள் இருந்தன, மரங்கள் மறைத்தன. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். புதிதாகச் சமன் செய்த செம்மண்ணில் கம்பியின் நிழல் மங்கலாக, ஆனால் நேராக விழுந்திருந்தது. "கோடு போட்டுக் குடுத்திருக்கு. பெறகென்ன வே?" என்றார் ஃபோர்மேன். நான் நிழல் மேல் முளைக்குச்சிகளை அடித்தேன். அப்போது மணி மதியம் இரண்டரை. நேரம் எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம், எங்கள் மனைச் சங்கத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் நான் அதை எழுதி வைத்ததுதான். பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்று எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் உச்சி வெயிலில் அங்கே போனேன். தொழிலாளியின் மனையில் கடைக்கால் தோண்டி முடித்திருந்தார்கள். தூண்களுக்கான இரும்புக் கூடுகளை, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல், கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். சாப்பிட்டு வந்ததும் தூக்கி நிறுத்தப் போவதாகக் கொத்தனார் சொன்னார். மின்கம்பியின் நிழல் எங்கள் தெருவில் இல்லை. அந்தக் கடைக்காலின் குறுக்கே கிடந்தது.

முளையிலிருந்து நிழல் வரை நடந்தேன். பத்து எட்டு. அண்ணாந்து பார்த்தேன். மூன்று கம்பிகளில் ஒன்று என் தலைக்கு நேர் மேலே இருந்தது.

"கூட்டைத் தூக்காதீங்க. இன்னிக்கு வேண்டாம்" என்றேன்.

"ஏங் சார், நாள் பாத்துக்கினு வந்தீங்களா?" என்று சிரித்தார் தொழிலாளி.

இரண்டரை மணி வெயில் நிழலைக் கிழக்கே தள்ளியிருக்கிறது, கம்பி இந்த மனைக்கு மேலேதான் போகிறது என்று காரணத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. அவர் மனைவி மண் கூடையை இறக்கி வைத்தார்.

"நெழல வச்சா சார் அளந்தீங்க? சாயங்காலம் வந்திருந்தா எங்க வூட்டக் காடாம்புலியூர்ல இல்ல கட்டியிருப்போம்" என்றார் அந்த அம்மாள்.

நான் என் முளைகள் பக்கம் திரும்பினேன். அவர் விடவில்லை.

"பேப்பர்ல தப்பா போட்டா மறுநா ஒரு மூலைல திருத்தம் போடுவீங்களாமே. எங்க வூட்டுக்கு எந்த மூலைல சார் போடுவீங்க?"

அன்று கூடுகள் படுத்தே கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் பதினோரு குடும்பமும் கூடியது. விஷயம் எளிமையானது. எங்கள் பத்து மனைகளும் கம்பியிலிருந்து நாங்கள் நினைத்ததைவிடத் தள்ளியே இருந்தன. தவறு எங்களுக்கு லாபம். அவருக்கு மட்டும் வீடு இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். "அந்தக் காசுக்கு இப்ப எங்க சார் மனை இருக்கு? காட்டுங்க, போறேன்" என்றார் தொழிலாளி. குரலை உயர்த்தவில்லை.

பூங்கா இடத்தைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அதைத் தொட முடியாது. நான் ஒரு வழி சொன்னேன். பத்து மனையும் அகலத்தில் மூன்று மூன்று அடி விட்டுக் கொடுத்து நெருங்கினால் தெற்குக் கோடியில் முப்பதடி கிடைக்கும். பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் வரைபடத்தில் அந்த மூன்றடிதான் ஸ்கூட்டர் நிறுத்தும் இடம். குறிப்பேட்டில் அவள்தான் முதல் கையெழுத்தைப் போட்டாள். மற்றவர்கள் போட மாலை ஆனது. ஃபோர்மேன் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"முப்பது வருசம் அளவெடுத்தவன் வே நான். இதுல எழுதுனா நாளைக்கு எம் பிள்ளையே சிரிப்பான்."

அவருக்காகத்தான் நான் குறிப்பேட்டில், "அளவில் தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதியிருந்தேன். தொழிலாளியின் மனைவி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"நேந்துடுச்சா? யாரால சார் நேந்துச்சு? அதுவா நடந்து வந்துச்சா?"

இத்தகைய வாக்கியங்களை நான் ஆயிரம் முறை திருத்தியிருக்கிறேன். விபத்துச் செய்தியில் ஓட்டியவர் இல்லாமல் லாரி தானாக மோதும். அடித்துவிட்டு எழுதினேன்: "மதியம் இரண்டரை மணிக்கு விழுந்த நிழலை வைத்து நான் முளை அடித்தேன். அது தவறு."

ஃபோர்மேன் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு "நான்" என்பதை அடித்து "நாங்கள்" என்று எழுதினார். "அடித்தேன்" என்பதை "அடித்தோம்" என்று மாற்றினார்.

"சொன்னவன் நானு. ஒத்தையா எழுதினீருன்னா அதுவும் தப்புதான" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் எல்லா முளைகளையும் பிடுங்கி மறுபடி அடித்தோம். இந்த முறை கோபுரத்துத் தோப்புக்காரர்களிடம் அனுமதி கேட்டு, ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து மற்றதன் அடிவரை கயிறு கட்டிப் பார்த்தோம். கடைசி மனைக்கு முளை அடிக்கச் சுத்தியலைத் தொழிலாளியிடம் நீட்டினேன். அவர் வாங்கித் தன் மனைவியிடம் கொடுத்தார். அங்கே கம்பியும் இல்லை, நிழலும் இல்லை. அந்த அம்மாள் சுத்தியலை ஓங்கியவர் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மணி இன்னா சார்?"