ரூட்டக்காவின் ஒன்றரை கிலோமீட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கு ஓடப்போன பன்னிரண்டு பேரும் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ரூட்டக்கா அன்று பட்ட பாட்டைக் கேட்கிறவர்களும் படவேண்டியிருக்கும்.

ரூட்டக்கா என்பது அவளோடு ஓடுகிறவர்கள் வைத்த பெயர். பிழைப்புக்கு அவள் பல் செட் செய்கிறவள். பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையில் அவளுடைய மேசை. மேசை முழுக்கப் பிளாஸ்டர் அச்சுகளும் மெழுகும் சின்னச் சின்ன அரங்களும். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவளுக்கு அத்துப்படி; நேரில் பார்த்தால்தான் யாரென்று தெரியாது. குனிந்தே இருந்து கழுத்து கல்லாகிப்போக, நாற்பத்திரண்டாவது வயதில் ஓட ஆரம்பித்தாள்.

ஓட்டக் குழுவை அப்போது நடத்தியவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். அவருக்கு ரூட் என்றால் நெடுஞ்சாலைதான். நேரே போ, நேரே வா. ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் சிமெண்ட் கிடங்கு. மூன்றாவது வாரமே அவள் வாய்விட்டுக் கேட்டாள்.

"சார், அதோ மலை தெரியுதே, அங்க ஓடினா என்ன?"

"மலையில ஓடினா முட்டி போயிடும்மா."

"இங்க ஓடினா உசுரே போயிடும் போலிருக்கே சார்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு, ரூட் போடுகிற வேலையை அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. முதல் தடவை காட்டுக்குள் ஓடிவிட்டு வந்த அன்று, "இத்தனை வருஷம் லாரிப் புகையைக் குடிச்சிருக்கேன் பாரும்மா" என்று அவரே சொன்னார்.

பல் செட் ஒரு மயிரிழை பிசகினாலும் ஈறு புண்ணாகிவிடும். அந்தக் கவனத்தை அப்படியே ரூட்டிலும் வைத்தாள். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து மலையடிவாரத்தில் இறங்குவாள். கையில் வரைபடமும் ஒரு நோட்டும். காலை எட்டு மணிக்கு எந்தப் பக்கம் நிழல் விழும், எந்தச் சரிவில் சரளைக்கல் வழுக்கும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும், எல்லாம் நோட்டில் ஏறும். காலில் தெம்பு இருக்கும்போதே ஏற்றம் வந்துவிட வேண்டும். இறக்கம் மண் தரையாக இருக்க வேண்டும். ஏறி முடிக்கிற இடத்தில் கண்ணுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும்; மூச்சு வாங்க நிற்கிறவர் வெட்கப்படாமல், 'நான் வேடிக்கை பார்க்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

நான்கு வருடத்தில் ஏழு ரூட் போட்டிருந்தாள். அதில் அவள் உயிரையே வைத்திருந்தது தைலமரச் சுற்று. ஊர்க்கோடித் தண்ணீர்த் தொட்டியடியில் கிளம்பி, ஆற்றங்கரையோடு போய், தைலமரக் காட்டுக்குள் ஏறினால், மேலே ஒரு மொட்டைப் பாறை. அங்கிருந்து வயல்களும் ஆற்றின் மூன்று வளைவுகளும் விரித்துப் போட்ட துணிபோலத் தெரியும். பிறகு தோப்புகளுக்கு நடுவே இறக்கம். எல்லாம் சரி, கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மட்டும் மறுபடி அதே நெடுஞ்சாலை. லாரிகள் உரசிக்கொண்டு போகும். வேறு வழி தேடி அவள் அலையாத இடமில்லை. ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் முள்வேலி, இன்னொரு பக்கம் தண்ணீர் தேங்கிய பழைய கல்குவாரி. பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி அந்தத் துண்டுச் சாலை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த நேரத்தில்தான் அண்ணி குழுவில் சேர்ந்தாள். அண்ணி என்றால் புருஷனுடைய அக்கா. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஒரு கமா விட்டுப்போனாலும் பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறவள். தம்பி பெண்டாட்டியிடம் மட்டும் விட்டுக்கொடுப்பாளா? குழம்பில் உப்பு, சுவரில் ஒட்டடை, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சர்க்கரை ஏறிவிட்டது, நடக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட, "உன் கும்பலோட நானும் வரேன். ஆனா ஓட மாட்டேன்" என்று வந்து நின்றாள்.

அந்த ஞாயிறு தைலமரச் சுற்று. கடைசியில் வருகிறவருக்குத் துணையாக ஒருவர் வருவது குழுவின் வழக்கம். அன்று அது குழுவில் இருந்த எலக்ட்ரீஷியன் ஒருவனுடைய முறை. அண்ணியின் நடைக்கு ஈடுகொடுத்து மெதுவாக நடப்பதற்குள் அவனுக்குக் கால் மரத்துப்போனது. தோப்பு இறக்கத்தில் அண்ணியே சொல்லிவிட்டாள்: "நீ முன்னால போ தம்பி. உன் கண்ணுக்கு எட்டின தூரத்துலதான் வரப்போறேன்." அண்ணியை எதிர்த்துப் பேசுகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. அவன் ஓடி வந்துவிட்டான்.

பதினொரு பேர் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. சாலையில் அண்ணியைக் காணோம். ரூட்டக்கா போன் போட்டாள். பக்கத்தில் இருந்த அண்ணியின் பைக்குள்ளேயே மணி அடித்தது.

அதே நேரம் பார்த்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். "ஏம்மா, அக்கா வந்தாச்சா? மாத்திரை போடற நேரமாச்சே."

"வந்துட்டே இருக்காங்க" என்றாள். நான்கு வருடமாக இந்த ரூட்டைப் பற்றி வீட்டில் அளந்து கொட்டியவள் அவள்தான். அண்ணிக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் முகத்தில் விழிப்பது? அதைவிட, அந்தக் குவாரி. மேலே இருந்து பார்த்தால் அழகான பச்சைத் தண்ணீர். இருபதாள் ஆழம்.

எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடினாள். லாரிகள் ஹாரன் அடித்தது காதில் ஏறவில்லை. தோப்பு ஓரமாக ஒருவர் டிராக்டரை நிறுத்திவிட்டு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மஞ்சள் தொப்பி போட்ட ஒரு அம்மா இந்தப் பக்கம் வந்தாங்களா?"

"பார்த்தேனே. குனிஞ்சு குனிஞ்சு கல்லையெல்லாம் பார்த்துக்கிட்டே போனாங்க. ஏதாவது தொலைச்சுட்டாங்களா?"

"எந்தப் பக்கம் போனாங்க?"

"ஓடைப் பக்கமா."

ஓடையை ஒட்டித்தான் குவாரி. முள்ளில் துப்பட்டா கிழிந்ததைக்கூடக் கவனிக்காமல் குவாரி விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கீழே, பச்சைத் தண்ணீரில், மஞ்சளாக ஏதோ மிதந்தது.

"அண்ணி!" என்று கத்தினாள். பக்கத்தில் வந்து நின்ற எலக்ட்ரீஷியன்தான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அக்கா, எண்ணெய் டப்பாக்கா அது. நல்லாப் பாருங்க, கைப்பிடி இருக்கு."

டப்பாதான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது போன் அடித்தது. தொட்டியடியில் இருந்து விளையாட்டு ஆசிரியர்.

"எங்கம்மா இருக்கே? உங்க நாத்தனார் இங்க வந்து உட்கார்ந்துக்கிட்டு, 'எங்கே போயிட்டா அவ'ன்னு எங்களையெல்லாம் ஒரு பிடி பிடிக்கிறாங்க. சீக்கிரம் வந்து காப்பாத்து!"

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். எலக்ட்ரீஷியன் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஒரு மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

திரும்பி வந்தபோது அண்ணி தொட்டி நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சேலைக் கரை முழுக்கச் சேறு, ஒட்டுப்புல். தொப்பி தலையில் பத்திரமாக இருந்தது.

"அரை மணி நேரமா உனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

"அண்ணி, நீங்க சாலை வழியா வரவே இல்லையே?"

"எதுக்கு வரணும்? அந்த லாரிக்காரன் மேல ஏத்தறதுக்கா? தோப்பு முடியற இடத்துல ஒரு எல்லைக்கல் நிக்குது. பத்தடி தள்ளி இன்னொண்ணு. நடுவுல பத்தடி நிலத்தை எவனாவது சும்மா போட்டு வைப்பானா? அது வண்டிப்பாதைடி. 'தெற்கே பொது வண்டிப்பாதை'ன்னு எத்தனை பத்திரத்துல படிச்சிருக்கேன். கல்லைப் பார்த்துக்கிட்டே வந்தேன். ஓடையைத் தாண்டி நேரா இந்தத் தொட்டிக்குப் பின்னால கொண்டாந்து விடுது."

நான்கு வருடமாக ரூட்டக்கா வரைபடத்தைப் புரட்டிப் புரட்டிக் காணாதது, இரண்டு மாதமாக நடக்கிற அண்ணியின் கண்ணில் பட்டிருக்கிறது. பொறாமையாவது மண்ணாவது, உயிரோடு உட்கார்ந்து திட்டுகிறாளே, அதுவே போதும் என்றிருந்தது.

"காட்டுறீங்களா அண்ணி?"

இருவரும் அப்போதே போனார்கள். பாதை புதர் மண்டிக் கிடந்தது. ஆனால் தரை மெத்தென்ற மண். இரு பக்கமும் மரங்கள் சேர்ந்து நிழல் விரித்திருந்தன. ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர், தாண்டுவதற்கென்றே போட்டதுபோலத் தட்டைக் கற்கள். லாரிச் சத்தம் சுத்தமாகக் கேட்கவில்லை. ரூட்டக்கா கற்களை மிதித்து மிதித்துப் பார்த்தாள், எது ஆடுகிறது, எது ஆடாது என்று.

ஓடை நடுவில் அண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இந்த இடத்துல எனக்கே கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. போனும் இல்ல. தம்பிக்கிட்ட சொல்லித் தொலைக்காதே."

"சொல்லமாட்டேன் அண்ணி. நானும் குவாரிகிட்ட உட்கார்ந்து அழுதேன். நீங்களும் சொல்லாதீங்க."

"எனக்காகவா?"

"பின்னே, எண்ணெய் டப்பாவுக்காகவா?"

விஷயம் புரியாமலே அண்ணி சிரித்தாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து ரூட்டக்கா பார்த்ததில்லை. கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுவதுகூட அன்றுதான் கண்ணில் பட்டது.

மறுநாள் அலுவலகத்தில் அண்ணி பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்துவிட்டாள். பொதுப்பாதையேதான். பாதையின் ஓரத்தில் சில அடியை வளைத்து வேலி போட்டிருந்த தோப்புக்காரர் முதலில் முறைத்தார். அண்ணி பதிவு எண்ணைச் சொன்னதும் முனகிக்கொண்டே வேலியை உள்ளே தள்ளிப் போட்டார். குழுவில் எல்லோரும் அரிவாளோடு வந்து இரண்டு ஞாயிறு புதர் வெட்டினார்கள்.

மூன்றாவது ஞாயிறு அந்த வழியே முதல் முறையாக முழுச் சுற்றும் ஓடினார்கள். நெடுஞ்சாலைப் பக்கம் யாரும் கால் வைக்கவில்லை. ரூட்டக்கா கடைசியில், அண்ணியின் பின்னாலேயே வந்தாள். ஓடை தாண்டியதும் அண்ணி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு இருபதடி தூரம் ஓடினாள்.