கறுத்த டாலர்

குற்றாலத்தில் சீசன் இருக்கும்வரை அருவிக்குப் போகிற வழியில் ஒரு மடக்கு மேஜை. மற்ற நாளெல்லாம் தென்காசியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. பழைய நாணயம் வாங்கி விற்கும் காந்திமதிநாதனின் இருபத்தாறு வருடப் பிழைப்பு இவ்வளவுதான். பிளஸ் டூவில் இரண்டு தடவை கோட்டை விட்டவன், எந்த நாட்டு வெள்ளியையும் கையில் வாங்கியதுமே எடை சொல்லிவிடுவான். கெட்டிக்காரன்தான், அதில் குறை சொல்ல முடியாது. மனசில்தான் ஈரமே கிடையாது.

முதல் நாள் எதையும் வாங்க மாட்டான். அது அவன் தொழில்முறை. காசை இரண்டு விரலால் தள்ளி ஏதாவது குறை சொல்லி, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுவான். ஒரு நாள் வீட்டில் கிடந்து வாடியவர்கள் மறுநாள் அவன் சொன்ன விலைக்குக் கொடுப்பார்கள்.

போன ஆவணியில் நூருன்னிசா தென்காசிக் கடைக்கு வந்தாள். அவள் கணவன் உவைஸ் ரியாத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து, ஒன்பது மாதமாகப் படுக்கையில் கிடந்தான். ஆபரேஷன் செய்தால் நடப்பான் என்று திருநெல்வேலியில் சொல்லியிருந்தார்கள். விற்க வேறெதுவும் மிச்சமில்லை. அவள் வாப்பா அந்தக் காலத்தில் தம்மாமில் ஓர் அமெரிக்கர் வீட்டில் சமையல் செய்தவர். அங்கே கிடைத்த ஒற்றை வெள்ளி டாலரைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

காந்திமதிநாதன் தராசில் வைத்தான். இருபத்தாறே முக்கால் கிராம். காந்தம் ஒட்டவில்லை. லென்ஸில் பார்த்தான். 1892. திருப்பினால், கழுகைச் சுற்றிய இலை வளையத்துக்குக் கீழே கடுகளவில் ஒரு S. சான்பிரான்சிஸ்கோவில் அடித்தது. அந்த வருடத்து S தேய்ந்து கிடைத்தால் சொற்ப விலைதான். இதில் முன்பக்கத்துப் பெண்ணின் கன்னமும் மழுங்கவில்லை, கழுகின் நெஞ்சில் ஓர் இறகும் மழுங்கவில்லை. மேலே நூறு வருடத்துக் கறுப்பு, ஓரத்தில் நீலம் ஓடி, யார் கையும் படாமல் இருந்தது. அந்தக் கறுப்புக்குத்தான் விலையே. போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டான்.

"என்ன தங்கச்சி, இப்படிக் கறுத்துப்போய்க் கெடக்கு? யாரு வாங்குவா? மூவாயிரம் வந்தாலே பெரிசு. நாளைக்கு வாங்க, பாப்போம்."

அவள் தெருவில் இறங்கியதும் படத்தைக் கொச்சியில் ஒரு நாணய வியாபாரிக்கு அனுப்பினான். எட்டு லட்சம், துடைத்துவிடாமல் கொண்டு வா என்று பதில் வந்தது. அன்று மத்தியானம் ரொம்ப நாளைக்குப் பிறகு திருப்தியாகச் சாப்பிட்டான்.

மறுநாள் கடை திறக்கும்போதே நூருன்னிசா நின்றாள். முகத்தில் சிரிப்பு. மேஜையில் வைத்த டாலர் புது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது.

"கறுப்பா இருக்குன்னீங்கல்லா அண்ணாச்சி, அவுககிட்ட சொன்னேன். கொலுசு தேய்க்க மாதிரி தேய்ச்சிருவோம், பல்பொடியும் பிரஷ்ஷும் கொண்டான்னுட்டாக. சாயங்காலம் பூரா படுத்துக்கிட்டே தேய்ச்சாக. விழுந்ததுக்கப்புறம் அவுக செஞ்ச மொத வேல. இப்பம் கூடக் கெடைக்கும்லா?"

லென்ஸே வேண்டியிருக்கவில்லை. காசிலிருந்த பெண்ணின் கன்னம் முழுக்கக் கீறல்.

வாயை மூடிக்கொண்டு மூவாயிரத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். பாவி, அவ்வளவு இரக்கம்கூட இல்லை அவனுக்கு. தன் வயிறு எரிந்த மாதிரி அவளுக்கும் எரிய வேண்டும் என்றிருந்தது.

"ஏட்டி, இது என்ன காசுன்னு தெரியுமா? அந்தக் கறுப்போட இருந்தா எட்டு லட்சம். ஆபரேஷன முடிச்சு ஒன் மாப்பிள்ளைய நடக்க விட்டிருக்கலாம். அவனே தன் கையால தேய்ச்சு அழிச்சிட்டான், பாத்துக்கோ."

நூருன்னிசா காசைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "இத நேத்தே சொல்லிருக்கலாம்லா, அண்ணாச்சி?"

அவன் தராசைத் துடைக்க ஆரம்பித்தான். "மூவாயிரம். இஷ்டம்னா குடு."

அவள் போன் அடித்தது. உவைஸ். மாடிப்படிக்கு அடியில் அவன் குரல் அப்படியே கேட்டது.

"நூரு, பாத்தாரா? என்ன சொல்லுதாரு?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தாரு. இப்படிப் பளபளப்பா யாரும் கொண்டாந்ததே இல்லைங்காரு. ஒங்க கைவேலைக்காகவே ஐந்நூறு கூடப் போட்டுத் தாராராம்."

அந்தப் பக்கம் உவைஸ் சிரித்தான். அவள் போனை வைத்துவிட்டுக் காந்திமதிநாதனின் முகத்தையே பார்த்தாள். அவன் மூவாயிரத்தை எண்ணி மேஜையில் வைத்தான். கூட ஒரு ரூபாய் வைக்கவில்லை.