ஒரு பிடி உரம்

ஜோசலின் அக்கா தினமும் காலையில் உரத்தொட்டியின் தார்ப்பாயை விலக்கி, முழங்கை வரை கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் உடைப்பார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி முகர்வார். கண்ணைத் திறந்ததும் எதிரே நிற்கும் காமுவின் முகத்தை ஒருமுறை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. "மழ பேஞ்ச மண்ணு மாதிரி இருக்கு." இல்லையென்றால், "இன்னும் ரெண்டு கூடை சருகு வேணும்."

பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சல் தேய்ந்துபோகும் இடத்தில் எங்கள் காலனி. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் உரக்கொட்டகை முழுசாகத் தெரியும். அக்காவுக்கு சேலையூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. காமு தூய்மைப் பணியாளர். வீடுவீடாக ஈரக்குப்பையை வாங்கித் தள்ளுவண்டியில் கொண்டுவருபவர். காலனியின் காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் காலனிக்குள்ளேயே மக்கி, எங்கள் செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் போய்விடும். அக்கா அதைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கொட்டகைக் கதவைச் சாத்திய பிறகு ஒருமுறை திரும்பிப் பார்ப்பார், அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பதுபோல.

காமுவுக்குச் சும்மா இருக்க வராது. "இன்னாக்கா, பவுடர் கணக்கா மோந்துகினே கீற? மூஞ்சில பூசிக்கப் போறியா?"

"மொதல்ல உனக்குத்தான்டி, வா கிட்ட."

ஆடியில் புதுத் திட்டம் வந்தது. நாட்டுக்கெல்லாம் ஒரே வரைவு. குப்பை முழுவதும் பெரிய லாரியில் ஏறி, ஊருக்கு வெளியே ஒரே ஆலைக்குப் போகவேண்டும். சின்னக் கொட்டகைகளுக்கு அதில் இடமில்லை. லாரிக்கு ஆள் வேண்டும் என்று காமுவை வண்டலூர்ப் பக்கம் மாற்றினார்கள். அவருக்குப் பதிலாக வந்தவர் கூடையைக் கவிழ்த்த கையோடு கிளம்பிவிடுவார்.

காலனிச் சங்கக் கூட்டத்தில் அக்கா எழுந்தார். "ஐப்பசி மழையில அந்த லாரி நம்ம தெருவுக்குள்ள வருமா சார்? ஆட்டோவே வராது. டெல்லிக்குத் தைச்ச சட்டைய நமக்கு மாட்டினா எப்படி?"

"சட்டையாவது குடுத்தாங்களேம்மா," என்றார் சங்கத் தலைவர் தோத்தாத்ரி சார்.

அக்கா விடவில்லை. பள்ளி விட்டதும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. நன்றாக நடக்கிற கொட்டகைக்கு மட்டும், இந்த வட்டாரத்து நிலைமையைச் சொல்லி, விலக்குக் கேட்டு மேலே எழுதலாம். சுகாதார ஆய்வாளர் தயாளன் நேரில் வந்து பார்த்து, யாருக்கும் தொல்லை இல்லை என்று சொன்னால் போதும்.

அந்த ஐப்பசியில் மழை விடவேயில்லை. காய்ந்த சருகு கிடைக்காமல் தொட்டி புளித்தது. முதலில் அழுகிய முட்டைக்கோஸ் வாடை. பிறகு அடைத்த சாக்கடை. நாங்கள் ஜன்னலைச் சாத்தினோம். எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி கொட்டகையைத் தாண்டுவார். அக்காவைக் கண்டதும் அதை இறக்கிவிட்டுச் சிரிப்பார். இவ்வளவு பாடுபடுகிறவரிடம் போய் நாறுகிறது என்று எந்த வாயால் சொல்வது? அவருக்குத் தெரியாதா, தினமும் முகர்கிறாரே! அப்படித்தான் எல்லோரும் இருந்துவிட்டோம். அக்காவோ முகர்ந்து, காமு வழக்கமாக நின்ற இடத்தைப் பார்த்து, தார்ப்பாயை மூடிக்கொண்டிருந்தார்.

தயாளன் சார் வந்த காலை தெருவே கூடி நின்றது. வாசலிலேயே கைக்குட்டையை எடுத்தார். "என்னம்மா இது?"

அக்கா ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி முகர்ந்தார். "மழ பேஞ்ச மண்ணு மாதிரி, சார். நீங்களே பாருங்க." நீட்டினார்.

அவர் பின்னால் நகர்ந்தார். "உங்களுக்கு சாதகமா எழுதணும்னுதாம்மா வந்தேன். முகத்துக்கு நேரா இப்படிச் சொன்னா நான் எதை எழுதறது?"

அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். மாமி அன்று முந்தானையை இறக்க மறந்திருந்தார். அக்காவின் பார்வை அங்கே வந்து நின்றது. கையிலிருந்தது மெதுவாக உதிர்ந்தது.

கார்த்திகைக்குள் கொட்டகையைப் பூட்டினார்கள். இப்போது அதில் சங்கத்தின் நாற்காலிகள் கிடக்கின்றன. மழை நாட்களில் லாரி வருவதில்லை. தெருமுனையில் பைகள் ஊறி வெடிக்கின்றன. பொய் சொல்லிக் கெடுத்தார் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அக்கா வீடு மாறிக் கீழ்க்கட்டளைக்குப் போய்விட்டார், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பொங்கலுக்குப் பிறகு வண்டலூர் ஸ்டேஷன் வாசலில் காமுவைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"பொய்யா? அதுக்கு கொரோனா வந்தப்பவே வாசன போயிட்ச்சு தம்பி. மல்லிப்பூவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. நான் மூஞ்ச சுளிச்சா சருகு, சிரிச்சா மண்ணு. வெளிய தெரிஞ்சா கொட்டாயப் புடுங்கிப்பாங்கன்னு என்கைல சத்தியம் வாங்கிகிச்சு."