விளைவு இல்லாத பழுது

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கத்தில் வண்டி பிரேக் தயாரிக்கும் எங்கள் கம்பெனியில் ஹெட்விக் ஐசலே பதினேழு வருடமாக ஒரே வேலையைச் செய்தார். ஒரு பாகம் பழுதானால் அடுத்து எது கெடும், யார் பாதிக்கப்படுவார் என்று நாங்கள் கணினியில் கோடு போட்டு இணைப்போம். அந்தக் கோடுகளைச் சரிபார்ப்பவர் அவர். எந்த விளைவோடும் இணைக்காத பழுது ஒன்று கண்ணில் பட்டால் போதும், என் மேசைக்கே வந்துவிடுவார்.

"இந்த ரப்பர் சீல் கிழிஞ்சா யாருக்குமே ஒண்ணும் ஆகாதா? அப்புறம் எதுக்கு அதை வண்டியில வைக்கறீங்க?"

அவரைக் கண்டாலே எங்களுக்குக் கடுப்பு. மதியம் தனியாகத்தான் சாப்பிடுவார்.

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். வீட்டில் வேறு ஆள் இல்லை. அலுவலகத்திலிருந்து ஒருவரும் போன் செய்யவில்லை. லீவு என்று நினைத்தோம் என்று பிறகு சொல்லிக்கொண்டோம். உண்மையில் நினைக்கவே இல்லை.

அவர் குடியிருந்த கட்டடத்தில் வாரம் ஒரு வீட்டுக்காரர் மாடிப்படி பெருக்க வேண்டும்; அந்த வாரம் முறை அவருடையது. யார் முறை என்று காட்டும் பலகை அவர் கதவில்தான் தொங்கியது. சனிக்கிழமை சாயங்காலமாகியும் படி பெருக்கப்படாததால், கீழ்வீட்டு ஷ்லெங்கர் அம்மாள் சண்டை போட வந்து கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

நான் பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாங்கி ஓரமாக வைத்தார்.

"நான் விழுந்தா யாருக்கு என்ன ஆகும்னு படுத்துக்கிட்டே யோசிச்சேன். உங்க எல்லார் பேரையும் இணைச்சுப் பார்த்தேன், ஒண்ணும் சேரல. ஒரே ஒரு கோடுதான் வந்துச்சு. படி குப்பையாக் கிடக்கும்."