அளவு அக்காவின் உப்பு

பதிப்பகத்தின் படிகளில் இறங்கி வெளியே வந்தபோது, பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. வழக்கமாக வந்து போகிற தெருதான். செருப்புக் கடை, அதை ஒட்டி ஜெராக்ஸ் கடை, நடைபாதையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் தண்ணீர் கேன்கள், எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. இவள்தான் தலைகால் புரியாமல் நின்றாள்.

சமையல் புத்தகம் அச்சுக்குப் போகும் முன் அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்திலிருந்து சில பக்கங்களைக் கேன்டீன் சமையல்காரரிடம் கொடுப்பார்கள். எழுதியிருப்பதற்கு மேல் ஒரு துளி சேர்க்காமல் அவர் சமைக்க வேண்டும். ஆபீஸ் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடும். இன்று அவளுடைய பக்கங்கள். பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், தக்காளி சூப். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்கள். தலையாட்டிக்கொண்டே உப்புக் குப்பியைக் கைமாற்றினார்கள். பருப்புக்கு ஒரு சுற்று போனது, வறுவலுக்கு ஒரு சுற்று, சூப்புக்கு இன்னொரு சுற்று. அவள் தன் தட்டை மறுபடி மறுபடி ருசித்துப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் கச்சிதமாக இருந்தது.

புத்தகத்தைக் கவனித்துக்கொள்ளும் எடிட்டர் பெண் அவளை ஓரமாக அழைத்துப் போனாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எழுதின அளவுதான் போட்டார். நானே பக்கத்துல நின்னு பார்த்தேன்."

"எனக்குச் சரியாத்தானே இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல. பேசாம உப்பு மட்டும் எல்லாத்துக்கும் 'தேவையான அளவு'ன்னு போட்டுடலாமா? எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தானே இருக்கு. திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது, இனிமே ஒவ்வொண்ணா திருத்த நேரம் இல்ல."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவள் எழுத வந்ததே அந்த இரண்டு வார்த்தைகளின் மேல் வந்த கோபத்தால்தான். கல்யாணத்துக்கு முன் மொத்த மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். மில்லிகிராம் பிசகினால் முதலாளி ஆளைத் தின்றுவிடுவார். அந்தப் பழக்கத்தோடு குடித்தனம் நடத்த வந்தவளுக்குச் சமையலில் அரிச்சுவடிகூடத் தெரியாது. வாரப் பத்திரிகையைப் பிரித்து அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துச் சமைத்தாள். 'உப்பு, தேவையான அளவு' என்று இருந்தது. யாருக்குத் தேவையான அளவு? அன்று செய்த கோழியைப் பக்கத்து வீட்டுப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. 'மருந்துச் சீட்டில் டாக்டர் தேவையான அளவு என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வருவீர்களா?' என்று பத்திரிகைக்கு எழுதிப் போட்டாள். ஆசிரியர் அதை அச்சிட்டார். கீழே, 'நீங்களே எழுதுங்களேன்' என்று ஒரு வரியும் சேர்த்தார்.

அன்றிலிருந்து வாரம் ஒரு பத்தி. வெங்காயம் வதங்கும்போதே உப்பைப் போட்டால் தண்ணீர் விட்டுச் சீக்கிரம் மசியும், முறுகலாக வேண்டுமென்றால் கடைசியில் போடு என்பாள். உருளைக்கிழங்கை நறுக்கியதும் கழுவித் துணியில் ஈரம் போக ஒற்றி எடுத்தால் சட்டியில் ஒட்டாது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுப்பது வீண் வேலை, அது உப்பை மட்டும் தனியாக உறிஞ்சாது, உப்பில்லாமல் வேகவைத்த பருப்பைச் சேர்ப்பதே வழி. எதை எழுதினாலும் முதலில் வீட்டு அடுப்பில் செய்து பார்ப்பாள். எதற்கும் அளவு இருக்கும். அதனால் வாசகர்களுக்கு அவள் அளவு அக்கா. வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கடிதம் எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் பருப்பை வேகவைத்தாள். எழுதியிருந்த அளவு உப்பைப் போட்டுக் கலக்கி நாக்கில் வைத்தாள். சரியாக இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி வைத்தாள். அப்போதும் சரியாக இருந்தது. ஒரு டப்பாவில் ஊற்றிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். கீழே தையல் கடை. தையல்கார அண்ணன் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு ஒரு வாய் குடித்தார்.

"என்ன தங்கச்சி, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லையே. ஏன்?"

"பத்தியச் சாப்பாடு மாதிரி இருந்துச்சு. அதான் கேட்டேன்."

அவள் டப்பாவை வாங்கி மூடினாள். மூடி பொருந்தவில்லை. மறுபடி மூடினாள்.

படியேறும்போது பாதியிலேயே உறைத்தது. பத்தியம். சில வருடங்களுக்கு முன் அவள் கணவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. உப்பைப் பாதியாகக் குறையுங்கள் என்றார் டாக்டர். ஒரேயடியாகக் குறைத்தால் மனிதர் முகத்தைச் சுளிப்பாரே என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாதாமாதம் கரண்டியிலிருந்து ஒரு நகக்கண் அளவு சுரண்டிவிடுவாள். அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. அதே சோற்றைத் தானும் தின்கிறோம், தன் நாக்கும் கூடவே இறங்கி வருகிறது என்பது மட்டும் தோன்றவில்லை. 'அருமை, உப்பு மட்டும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்' என்று வாசகர்கள் எழுதியபோதெல்லாம் 'அருமை'யோடு படிப்பதை நிறுத்தியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மேஜைமேல் பருப்பு மூன்று கிண்ணங்களில் இருந்தது. ஒன்று எழுதிய அளவு. அடுத்ததில் அதைவிட அதிகம், மூன்றாவதில் இன்னும் அதிகம். வித்தியாசம் அவளுக்குத் தெரிந்தது. எது சரி என்பதுதான் தெரியவில்லை. மூன்றாவதை வாயில் வைத்தால் குமட்டியது. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள்.

"கூண்டுல அடைச்ச மாதிரி என்ன இங்கயும் அங்கயும்?" என்றபடி கணவர் குளித்துவிட்டு வந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற வேலை. வாரம் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் கிரீஸ் கையோடு நிற்பவர்.

"சும்மா இதை ருசி பாருங்க. உங்களுக்கும் தெரியப் போறதில்ல. இருந்தாலும் பாருங்க."

அவர் முதல் கிண்ணத்தை முடித்தார். "இது நம்ம வீட்டு ருசி." இரண்டாவதைக் குடித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "ஆங், இது பருப்பு. இதுதான் சரி." மூன்றாவதில் விரலை நனைத்தார். "இது லேசா தூக்கல். ஆனா தப்பில்ல."

அவள் அசையாமல் நின்றாள். இத்தனை வருடம் அவளோடு ஒரே பானையில் சாப்பிட்ட நாக்கு இப்படிப் பேச முடியாது.

"உங்களுக்கு எப்படித் தெரியுது?"

அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். தலை ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"என்னங்க, உங்களைத்தான் கேக்கறேன்."

"மத்தியானம் சாப்பிடறப்ப... நம்ம வெல்டர் ஒரு பொட்டலம் உப்பு வெச்சிருப்பான்."

"எத்தனை நாளா?"

"நீ குறைக்க ஆரம்பிச்சதுலேர்ந்து. குறைச்சது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?"

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல."

"எப்படிச் சொல்றது? டாக்டர்கிட்ட, 'இவருக்குத் தெரியாமலே குறைச்சுட்டேன் சார்'னு அவ்வளவு சந்தோஷமா சொன்னே. அதைக் கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன்."

போன தடவை டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டியது அவள் ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் எதைக் குறைப்பது என்று அன்றிரவெல்லாம் தூக்கம் பிடிக்காமல் புரண்டு கொண்டிருந்தாள். பக்கத்தில் இவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். அலமாரியிலிருந்து ரத்த அழுத்தக் கருவியை எடுத்து வந்து அவர் கையில் பட்டையைச் சுற்றினாள். கொஞ்சம் இறுக்கமாகவே சுற்றினாள். எண் இருக்க வேண்டியதைத் தாண்டி வந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அதை விடு," என்று அவரே ஆரம்பித்தார். "உன் புத்தகத்தைப் பாரு. நாளைக்குத்தானே கெடு? ஒவ்வொண்ணா செஞ்சு கொண்டா, நான் சொல்லிடறேன். சாயந்தரத்துக்குள்ள முடிச்சுடலாம்."

உண்மைதான். முடித்துவிடலாம். அவள் கை அடுப்பு வரைக்கும் போனது. இந்த வீட்டில் நம்பக்கூடிய ஒரே நாக்கு அவருடையது. அந்த நாக்கைத்தான் அவள் உப்பைக் குறைத்துக் கெடுக்க வேண்டும். இரண்டாவது கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை அவர் நைசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். அவள் அதைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள்.

பிறகு போனை எடுத்தாள்.

"அக்கா, 'தேவையான அளவு'ன்னு மாத்திடட்டுமா?" என்றாள் எடிட்டர் பெண்.

"வேணாம். நாளையிலேர்ந்து காலையில தராசோட நான் கேன்டீனுக்கு வர்றேன். சமையல்காரர் அவர் கைக்குத் தோணினபடி உப்பு போடட்டும். போடறதுக்கு முன்னாடி நான் நிறுத்துக்கறேன். அந்த அளவை எழுதுவோம்."

"அப்ப நீங்க எழுதினது?"

"அதுவும் இருக்கட்டும். ரெண்டாவது வரியா, 'வீட்டில் ரத்த அழுத்தக்காரர் இருந்தால்'னு போட்டு. அது என் நாக்குக்கு நல்லாத் தெரிஞ்ச அளவு. அதுல தப்பு வராது."

மறுமுனையில் காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது. "வியாழக்கிழமை வரைக்கும் தள்ளிக் கேக்கறேன்கா. கிடைக்குமான்னு தெரியல. அதுக்கு மேல என் தலை போயிடும்."

போனை வைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. வியாழன் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் ஓடியது. அதைத் தாண்டிக்கொண்டு அந்த எண் வந்து நின்றது.

"கேன்டீன்ல எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டார் கணவர், பேச்சை மாற்றுகிறவர் போல.

"நாளைக்குச் செய்யறது மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும். முடிஞ்சதும் நேரா உங்க வேலை நடக்கிற இடத்துக்குத்தான் வர்றேன்."

"அங்கே எதுக்கு? ஒரே தூசி, உட்காரக்கூட இடம் இருக்காது."

"நின்னுக்கறேன். உங்க வெல்டரை நான் பார்க்கணும்."

"பாவம், அவனை ஒண்ணும் சொல்லாதே. நான் கேட்டுத்தான் கொடுத்தான்."

"சொல்ல மாட்டேன். பக்கத்துல உட்கார்ந்து நானும் உங்க டப்பாவுலேர்ந்தே சாப்பிடப் போறேன்," என்றாள். "தினமும்."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அடுத்த நாளைக்கு எடுத்துப்போக வேண்டிய தராசைத் தேடி அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூட ஆரம்பித்திருந்தாள்.