குப்பத்து நம்பர்

அந்த மென்பொருளை எழுதியவனை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அதிகம் நினைப்பது அந்த அம்மாவைத்தான்.

அவருக்கு மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பம். வலை பின்னும் நைலான் கயிற்றில் செல்போனைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குப்பத்துக்கே அது ஒன்றுதான். யாருக்கு அழைப்பு வந்தாலும் ஓடிப்போய்க் கையில் கொடுப்பார்.

புயலில் வலை இழந்தவர்கள் இணையத்தில் விண்ணப்பித்தால் புது வலை தருவதாகச் சொன்னார்கள். திண்டிவனத்தில் என் பிரவுசிங் சென்டரில் குப்பமே வரிசையில் நின்றது. செல் நம்பர் இல்லாமல் விண்ணப்பம் நகராது. எல்லோரும் அவர் நம்பரையே கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ‘பதிவாகிவிட்டது, நன்றி’ என்று திரையில் வந்தது. அவர் கடைசியாகப் பதிந்தார். வலை வந்தது அவருக்கு மட்டும்.

விழுப்புரம் மீன்வளத்துறை அலுவலகத்துக்கு நானும் அந்த அம்மாவும் போனோம். மென்பொருளை எழுதியவன் அலட்டிக்கொள்ளாமல் சொன்னான்: “ஒரு நம்பருக்கு ஒரு பேருதான் டேட்டாபேஸ்ல நிக்கும். புதுசு வந்தா பழசு அழிஞ்சிடும்.”

“எல்லாரும் முடிக்கட்டும்னு கடைசியா நின்னேன் தம்பி. இப்ப எல்லாரையும் அழிச்சிட்டு நானே வாங்கிக்கினேன்னு பேசுறாங்க. எம் பேர எடுத்துடு.”

“பதிஞ்சத எடுக்க முடியாதும்மா.”

“குப்பத்தையே அழிச்சியே, அது மட்டும் முடிஞ்சுதா?” என்று நான் கத்தினேன்.

அந்த அம்மா கத்தவில்லை. கயிற்றைக் கழற்றிப் போனை அவன் மேசையில் வைத்தார். “இனிமே இந்த நம்பரு உன்னுதுப்பா. குப்பத்துல கேப்பாங்க, நீயே பதில் சொல்லு.”

நாங்கள் படி இறங்குவதற்குள் அது அடிக்கத் தொடங்கியது. அழைப்பென்றால் ஓடுகிறவர், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.