சுவருக்கு மேலே வரும் நாடகம்

ஒரு தேயிலை மலையில வரிசை வீடா ஒரு லயமாம், அந்த லயத்துக் கூரையில ஒரு டிஷ்ஷாம், மாசாமாசம் காசு கட்டி அலுத்துப்போன வீட்டுக்காரர் ஒருநாள் அதைக் கழற்றிட்டாராம். உம் கொட்டுங்க, அப்பதான் மேலே சொல்வேன். எங்க தாத்தாகிட்ட கதை கேட்ட பழக்கம்.

டிஷ்ஷைக் கழற்றினவர்கள் அடுத்து வருவது ஹட்டனில் நான் வேலைக்கு நிற்கிற டீவிக் கடைக்குத்தான். அன்டெனாவில் வருவதைப் பதிஞ்சு வைக்கிற ரெக்கோடர் பெட்டி வேண்டும். பெட்டி விற்பது சுலபம். எந்தப் பெட்டி என்று வீட்டுக்குள் சண்டை ஓயும்வரை சிரித்த முகத்தோடு நிற்பதுதான் தொழில். கடையில் நின்று கால் கடுத்தவர்களுக்குப் புரியும்.

இல்லாத பட்டன்

செல்வமணி அக்காவுக்கு நோர்வூட் பக்கம் தேயிலைப் பெக்டரியில் பின்னேர வேலை. அவருடைய நாடகம் ஓடுகிற நேரம் அவர் தூள் சலித்துக்கொண்டிருப்பார். அந்த நாடகமோ முடியப்போகிறது. "வருசக்கணக்கா பாக்குறேன் தம்பி. அந்த மாமியாளுக்கு என்ன ஆகுதுன்னு ஒருத்தரும் சொல்லாம என் கண்ணால பாக்கணும்" என்றார்.

உள்ளேயே பதிகிற பெட்டி, பென் டிரைவ் குத்துகிற பெட்டி என்று வித்தியாசத்தை விளக்கினேன். எனக்குக் குரல் மெது. கல்லாவில் இருந்த முதலாளி நானா, "மகன், கொஞ்சம் சவுண்டக் கூட்டுங்க" என்றார். அக்கா விடவில்லை. "வேணாம் நானா, சத்தம் போட எங்க லயத்துல ஆளு இருக்கு. தம்பி இப்பிடியே பேசட்டும்." உள்ளேயே பதிகிற பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்:

"பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி வாயை நிப்பாட்ட இதுல ஏதும் பட்டன் இருக்கா தம்பி?"

காற்றின் வேலை

லிந்துலையில் இருந்து கணவன் மனைவியாக ஒரு அண்ணனும் அக்காவும் வந்தார்கள். காற்றில் டிஷ் விழுந்துவிட்டதாம். அண்ணனுக்குக் கிரிக்கெட் பதிய வேண்டும், அக்காவுக்கும் செல்வமணி அக்கா பார்க்கிற அதே நாடகம். இரண்டும் ஒரே நேரம். சின்னப் பெட்டி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பதியும் என்றேன்.

"காத்தடிச்சதுக்கு நான் என்ன செய்ய, புள்ள? இருக்கிறத வச்சுப் பாப்போம்" என்று அண்ணன் சின்னப் பெட்டியைக் கையில் எடுத்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"காத்து டிஷ்ஷத் தள்ளும், சரி. நட்டெல்லாம் கழட்டி தகரப் பேணியில போட்டு மூடியும் வைக்குமா தம்பி?"

மழைக்காரர்

நோட்டன் பிரிட்ஜில் இருந்து வந்தவர் பெட்டியைத் தடவிப் பார்த்தார். மழை இருட்டினாலே அவர் வீட்டில் கரண்ட் போய்விடுமாம். அந்த நேரம் ஓடுவதை இது பதிஞ்சு வைக்குமா என்று கேட்டார். கரண்ட் இல்லாமல் பெட்டியும் தூங்கும் என்றேன். மரியாதையாகப் பெட்டியைத் திருப்பி வைத்தார்.

"கரண்ட் இருந்தா நானே பாத்துருவேனே, அப்பறம் இவரு எதுக்கு?"

சுவர்

செல்வமணி அக்கா மறுபடி வந்தார். பெட்டி பழுதா என்று பயந்தேன். பெட்டி நன்றாகப் பதிகிறது, சுவர்தான் சரியில்லை. லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் இருக்கும், கூரைவரை எட்டாது. வேலை முடிந்து வந்து பதிஞ்சதைப் போட்டால், முன்னாடியே பார்த்து முடித்த பக்கத்துக் காம்பராக்காரி படுத்த இடத்திலிருந்தே அடுத்த காட்சியைச் சொல்கிறாளாம். சத்தத்தைக் குறைத்தும் பார்த்தாராம். அதற்கும் சுவருக்கு மேலாகப் பதில் வந்திருக்கிறது:

"சவுண்டக் கூட்டுங்கக்கா, நான் சொன்ன எடம் வந்திருச்சான்னு தெரிய வேணாமா?"

கடைசிக் காட்சி

வெள்ளிக்கிழமை நாடகம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா பெட்டியோடு கடைக்கே வந்துவிட்டார். காதுக்குள் பஞ்சு, அதற்கு மேல் கம்பளித் தொப்பி. வெள்ளியிலிருந்து யாரோடும் பேச்சே இல்லையாம். "இங்க வச்சுப் போடுங்க தம்பி. லயத்துல பாத்தா கெடுத்துருவாளுக."

அன்றைக்குப் பார்த்து லிந்துலைக்காரர்களும் இரண்டை ஒரே நேரம் பதிகிற பெரிய பெட்டி வாங்க வந்திருந்தார்கள். முடிவு தெரிந்தவர்கள். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். தொப்பிக்குள் விரலை விட்டுப் பஞ்சை எடுத்துவிட்டு அக்கா உட்கார்ந்தார். திரையில் மாமியாள் மருமகள் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கினாள். வாசல் கதவைத் திறந்தாள். "இனிமே இந்த வீட்ட விட்டு..." என்று ஆரம்பித்தாள்.

படம் நின்றது. கடைசி நாள் என்று நாடகத்தை நீட்டியிருக்கிறார்கள். பெட்டி வழக்கமான நேரத்துக்குப் பதிவை முடித்துவிட்டது.

அக்கா மெல்லத் தொப்பியைக் கழற்றினார். "சரி, சொல்லித் தொலைங்க."

"மாமியாள போலீஸ் புடிச்சிருச்சு" என்றார் லிந்துலை அண்ணன். "நீங்க எங்க பாத்தீங்க? நடுவுல கிரிக்கெட்டுக்கு மாத்திக்கிட்டே இருந்தீங்களே!" என்று பாய்ந்தார் அவர் மனைவி.

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்க! தம்பிதான் மெதுவா பேசும். தம்பியே சொல்லட்டும்" என்றார் செல்வமணி அக்கா.

அந்த நாடகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

"அந்த மாமியா என்ன செஞ்சாங்களாம்..." என்று ஆரம்பித்தேன். அக்கா உம் கொட்டினார். லிந்துலை அக்காவும் உம் கொட்டினார். முதலாளி நானா கல்லாவை விட்டு எழுந்து வந்து உம் கொட்டினார். "'இனிமே இந்த வீட்ட விட்டு நான் போறேன்டி'ன்னு சாவிய மருமக கையிலயே குடுத்துட்டு, அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறப் போனாங்களாம். வாசப்படியில நின்னு திரும்பிப் பாத்தாங்களாம். 'சோத்துக்குத் தண்ணி ஊத்தி வையி, காலையில வந்துருவேன்'னாங்களாம்."

செல்வமணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அதான பாத்தேன், அவ எங்க போவா!" பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிந்துலை அண்ணனும் இறங்கினார். அவர் மனைவி மட்டும் வாசலில் நின்று திரும்பினார்.

"தம்பி, மாமியா எங்கயும் போகல. கடைசில எல்லாரும் வரிசையா நின்னு போட்டோ எடுத்தாங்க. பரவால்ல, நீங்க சொன்னதே இருக்கட்டும். லயத்துல சுவருக்கு அந்தப் பக்கம் எவளாச்சும் வேற மாதிரி சொன்னா, அவ டீவிதான் பழுதுன்னு அந்த அக்காகிட்ட சொல்லிருங்க."

டிஷ்ஷைக் கழற்றப்போகிற மக்களே, எந்தப் பெட்டி என்று என்னிடம் கேட்பதற்கு முன்னால் உங்கள் வீட்டுச் சுவர் கூரைவரை எட்டுகிறதா என்று ஒருதரம் அண்ணாந்து பாருங்கள். இதை அவரிடமும் சொல்லியிருப்பேன், அதற்குள் அவரும் படியிறங்கிப் போய்விட்டார்.